பூக்கார அம்மாவுக்காக ஓங்கிய கை

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தின் தகரக் கொட்டகை. அதன் ஓரத்தில் ஒரு அம்மா பூ விற்பார். காலையில் நிலக்கோட்டை மார்க்கெட்டில் உதிரிப் பூ வாங்கி வந்து, உட்கார்ந்த இடத்திலேயே கட்டி, முழம் போட்டு விற்றுவிட்டு இரவு எட்டரை மணி பேருந்தில் வீட்டுக்குப் போவார். முகூர்த்தம், திருவிழா என்று வந்தால் பூ விலை ஏறும். கையில் முதல் இருக்காது. தினவட்டிக்கு வாங்குவார்.

2018 கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. நான் ஒரு டிவிஎஸ் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வட்டி வசூலிக்க வரும் ஆள் குடித்துவிட்டு வந்து கத்தும் சத்தம் கேட்டது. அது வாரத்துக்கு ஒருமுறை கேட்பதுதான் என்று நான் தலையைத் தூக்கவில்லை. அப்புறம் பூக்கூடை ரோட்டில் உருளும் சத்தம். நிமிர்ந்தபோது கொட்டகைக்கு முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கட்டை அந்த ஆள் கையில் இருந்தது. அந்த அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். விரல்களுக்கு நடுவே ரத்தம். அந்த ஆள் கட்டையை மறுபடி தலைக்கு மேலே தூக்கினார்.

நான் ஓடினேன். கையில் டயர் கழற்றும் இரும்பு லிவர் அப்படியே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று நினைத்து எடுக்கவில்லை. கீழே போட வேண்டும் என்றும் தோன்றவில்லை. இடையில் புகுந்தபோது அந்த அடி என் இடது தோளில் விழுந்தது. கட்டை மூன்றாவது முறை எழும்பியது. கட்டை பிடித்திருந்த கையைப் பார்த்து லிவரால் அடித்தேன். கட்டை விழுந்தது. அந்த ஆள் கையைப் பிடித்துக்கொண்டு கத்தியபடி குனிந்தார்.

நான் லிவரை மறுபடி ஓங்கினேன்.

அந்த நேரத்தில் டீக்கடை மாஸ்டர் பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "அண்ணே, போதும். கட்டை கீழ விழுந்திருச்சு, பாருங்க" என்றார். நான் பார்த்தேன். கையை இறக்கினேன். இதைப் படிக்கும் நீங்கள் வேறு எதை மறந்தாலும் அவர் சொன்ன அந்த வாக்கியத்தை மறக்காதீர்கள். நான்கு வருட வழக்கு முழுவதும் அந்த ஒரு நொடியைச் சுற்றித்தான் நடந்தது. என் முதல் அடிக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. இரண்டாவது அடி விழுந்திருந்தால் அதற்கு இடம் இருந்திருக்காது.

டீக்கடைப் பையன் 108-க்குப் போன் செய்தான். அம்மாவை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். தலையில் ஆறு தையல். அந்த ஆளை அவருடைய கூட்டாளிகள் பைக்கில் ஏற்றிக்கொண்டு அதே மருத்துவமனைக்குப் போனார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். தோள் வீங்கியிருந்தது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு, தைலம் தடவிக்கொண்டு படுத்துவிட்டேன். அடிபட்ட ஒரு அம்மாவைக் காப்பாற்றியவன் நான், என் மேல் யார் வழக்குப் போடப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் தெரிந்தது. என் மேல் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 326, 506(2). நான் கெட்ட வார்த்தையால் திட்டி, இரும்புக் கம்பியால் அடித்து எலும்பை முறித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினேனாம். 326 என்றால் ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தது. ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய, ஜாமீனில் விட முடியாத பிரிவு. எலும்பு முறிந்தாலே அது சட்டப்படி கொடுங்காயம்தான், எவ்வளவு சின்ன எலும்பாக இருந்தாலும். தலையில் தையல் போட்டுப் படுத்திருந்த அந்த அம்மாவின் புகாருக்கு ஒரு மனு ரசீது மட்டும் கொடுத்திருந்தார்கள். அவருக்காக முதல் தகவல் அறிக்கை போட இரண்டு நாள் ஆனது. யார் முதலில் நிலையத்துக்குப் போகிறாரோ அவர் புகார்தாரர், மற்றவர் எதிரி. எதிரி என்பது திட்டு இல்லை. நம் கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுதான் பெயர்.

அன்று இரவு நான் செய்ததுதான் இந்த வழக்கிலேயே நான் செய்த பெரிய தவறு. தெரிந்தவர் ஒருவர் ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனார். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும் குமாஸ்தா கையைக் காட்டி நிறுத்தினார். "அடிச்சேன்னு எங்கேயும் சொல்லாதீங்க. அந்த இடத்துலயே நீங்க இல்லை. அவ்வளவுதான்" என்றார். பயத்தில் அது எனக்கு நல்ல யோசனையாகத் தெரிந்தது. முன்ஜாமீன் மனுவில் 'மனுதாரர் சம்பவ நேரத்தில் சம்பவ இடத்திலேயே இல்லை' என்று எழுதினார்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

முன்ஜாமீன் கிடைத்தது. இரண்டு வாரம் தினமும் காலை பத்தரை மணிக்கு நிலையத்தில் கையெழுத்து. கடையைத் திறக்கவே பதினொன்றரை ஆகும். மழைக்காலத்தில் காலை நேர பஞ்சர்தான் எங்கள் வருமானம். அந்த இரண்டு வாரமும் அது போனது. கையெழுத்துப் போடப் போகும்போது ஒரு நாள் அந்த அம்மா நிலைய வாசலில் நின்றிருந்தார். தலையில் கட்டு. "தம்பி, என்னால உனக்கு இந்த நிலைமை" என்று அழுதார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் அங்கே இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவின் தங்கை மகள் மூலம் வேறு ஒரு வக்கீல் மேடத்தைப் பார்த்தேன். முதல் கேள்வியே, "அடிச்சீங்களா, இல்லையா? எனக்கு உண்மை வேணும்" என்பதுதான். அடித்தேன் என்றேன். "எதுக்கு அடிச்சீங்க?" சொன்னேன். அவர் மனுவை எடுத்துப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நீங்க தப்பே பண்ணலைன்னு சட்டம் சொல்லுது. நீங்களோ அங்க இல்லவே இல்லைன்னு சொல்லியிருக்கீங்க."

அவரிடம் கற்றுக்கொண்டதை என் மொழியில் எழுதுகிறேன். தற்காப்புரிமை என்று ஒன்று சட்டத்தில் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் சம்பவங்களுக்கு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. இந்த உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமே இல்லை என்று முதல் பிரிவு சொல்கிறது. குற்றம்தான், ஆனால் மன்னிக்கிறோம் என்பது இல்லை அதன் பொருள். பெயரில் 'தற்' என்று இருப்பதால் தன்னைக் காத்துக்கொள்வது மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பழைய 97, புதிய 35 சொல்வது: தன் உடலையும், வேறு எந்த ஒருவர் உடலையும் காக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அந்த 'வேறு எந்த ஒருவர்' என்பதில் அம்மா, மனைவி, தங்கை என்று எந்த நிபந்தனையும் இல்லை. ரத்த சொந்தமாக இருக்க வேண்டாம். பெயர் தெரிந்திருக்க வேண்டாம். ரோட்டோரம் பூ விற்கும் ஒருவருக்காக ஒரு பஞ்சர் கடைக்காரன் குறுக்கே போகலாம் என்று எழுத்தில் இருக்கிறது. இதைப் படித்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கியது. இரண்டு மாதமாக நான் ஏதோ பெரிய பாவம் செய்தவன் மாதிரி தலை குனிந்து நடந்துகொண்டிருந்தேன்.

ஆனால் இந்த உரிமைக்கு எல்லை உண்டு, அது பழைய 99, புதிய 37-ல் இருக்கிறது. காவல்துறையை அணுக நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தடுப்பதற்குத் தேவையானதை விட அதிகமாகக் காயப்படுத்த உரிமை இல்லை. பழைய 102, புதிய 40 இன்னொன்றைச் சொல்கிறது: ஆபத்து வரும் என்று நியாயமான அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்குகிறது, அந்த அச்சம் இருக்கும் வரைதான் இருக்கிறது. முதல் அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டை கீழே விழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் குனிந்துவிட்டால் அச்சம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு விழும் அடி கோபத்தின் அடி. டீ மாஸ்டர் எந்தச் சட்டமும் படிக்காதவர். 'கட்டை கீழ விழுந்திருச்சு' என்று இந்தப் பிரிவைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

மேடம் ஒரு பழைய தீர்ப்பைச் சொன்னார். விஸ்வநாத் எதிர் உத்தரப் பிரதேச அரசு, உச்ச நீதிமன்றம், 1959. பிறந்த வீட்டில் இருந்த மனைவியை, அவளுக்கு விருப்பமில்லாமல் கணவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். அவளுடைய அண்ணனோ தம்பியோ, உடன் பிறந்தவன், கத்தியால் ஒரே ஒரு முறை குத்துகிறான். கணவன் இறந்துவிடுகிறான். உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒருவரை வலுக்கட்டாயமாகக் கொண்டு போகும் நோக்கத்தில் தாக்கினால், அவரைக் காக்க நினைப்பவரின் உரிமை உயிர் போகும் அளவுக்கும் நீளும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பழைய 100, புதிய 38. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயப்பட வேண்டிய தாக்குதல், பாலியல் வன்முறை, ஆள்கடத்தல், ஆசிட் வீச்சு எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. தலையைப் பார்த்துக் கட்டையை ஓங்குவதும் அதில் வரக்கூடியதுதான். கணவன் மனைவி விவகாரத்தில் தலையிடாதே என்று நம் ஊரில் சொல்வதற்கும் அந்தத் தீர்ப்புக்கும் எவ்வளவு தூரம் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

"ஒரு உயிர் போன வழக்குலயே விடுதலை. உங்களுது ஒரு கை எலும்பு. ஆனா அவங்க உண்மையச் சொன்னாங்க" என்றார் மேடம்.

உண்மையைச் சொல்வதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குற்றத்தை அரசுத் தரப்பு சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ஆனால் தற்காப்பு என்று சொன்னால் அதைக் காட்டும் பொறுப்பு எதிரியுடையது. பழைய சாட்சியச் சட்டம் 105, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 108. இதைக் கேட்டதும் நான் பயந்தேன். மேடம் விளக்கினார்: சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படித்தான் நடந்திருக்கும் போலிருக்கிறதே என்று நடுவருக்கு, அதாவது மாஜிஸ்திரேட்டுக்கு, தோன்றும் அளவுக்குக் காட்டினால் போதும். நாமே சாட்சி கொண்டு வர வேண்டும் என்றும் இல்லை. அவர்களுடைய சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, அவர்களுடைய ஆவணத்திலிருந்தே அதை எடுக்கலாம். எதிரி தற்காப்பு என்று வாய் திறந்து சொல்லாவிட்டால்கூட, வழக்கு ஆவணங்களில் அதற்கான ஆதாரம் இருந்தால் நீதிமன்றம் அதைப் பார்க்க வேண்டும் என்று 1967-ல் முன்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்புதான் என் பொய்யிலிருந்து என்னைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன்.

அப்புறம் என் பக்க ஆதாரம் என்ன என்று கேட்டார். அங்கேதான் நான் கையை விரித்தேன். தோளில் விழுந்த அடிக்கு ஒரு காகிதம்கூட இல்லை. அன்று இரவே அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள்: இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், தெரிந்த நபர் ஒருவர் கட்டையால் தாக்கியதாகச் சொன்னார், இடது தோளில் இந்த அளவு வீக்கம். அந்த ஒரு வரி பத்து சாட்சிக்குச் சமம். தலையிட்டவருக்கு அடிபட்டிருந்தால் அது எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு விளக்கம் சொல்லியாக வேண்டும். விளக்கம் இல்லையென்றால் அவர்கள் கதையிலேயே ஓட்டை விழலாம். 1976-ல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. நான் தைலம் தடவிப் படுத்துவிட்டேன். யாருக்காகவாவது குறுக்கே போய் உங்களுக்குச் சிராய்ப்பு ஏற்பட்டிருந்தால்கூட, அன்றே, அரசு மருத்துவமனைக்கே போங்கள். மருத்துவரிடம் யார், எதனால், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்பதை நடந்தபடி சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

கூட்டினால் என்ன ஆகும் என்பதை எதிர்த்தரப்பிடம் பார்த்தேன். அந்த ஆள் மருத்துவமனையில் 'தெரிந்த நான்கு பேர் இரும்புக் கம்பியால் தாக்கினார்கள்' என்று சொல்லியிருந்தார். புகாரில் நான் ஒருவன்தான். இரண்டும் அரசு ஆவணம். நான்கு பேர் இரும்புக் கம்பியால் தாக்கியதாகச் சொன்னவர் உடலில் இருந்தது ஒரே ஒரு காயம், வலது முன்கையில்.

அடகுக் கடை வாசலில் கேமரா இருந்தது. மேடம் சொல்லி நான் போய்க் கேட்டபோது மூன்று மாதம் ஆகிவிட்டது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழைய பதிவு அழிந்துவிடும் என்றார் கடைக்காரர். நடந்த மறுநாளே நிலையத்துக்கு எழுத்தில் மனு கொடுத்து, இன்ன கடைக் கேமராவில் இன்ன நேரத்துப் பதிவை எடுத்து வையுங்கள் என்று கேட்டு, மனு ரசீது வாங்கியிருக்க வேண்டும். கடைக்காரரிடமும் ஒரு நகல். பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது அதற்கென்று ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தில் 65பி என்பார்கள், இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 63(4). எனக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போனது. மிஞ்சியது டீக்கடைப் பையன் 108-க்குச் செய்த போன் அழைப்பு. நான் ஓடுவதற்கு முன்பு, அல்லது ஓடிக்கொண்டே, யாரையாவது போலீஸுக்குப் போன் செய்யச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ரவுடித்தனம் செய்ய வருபவர் போலீஸைக் கூப்பிட மாட்டார் என்பது யாருக்கும் புரியும்.

அம்மாவின் புகாரும் வழக்கானதால் இது எதிரெதிர் வழக்கு ஆனது. கேஸ், கவுண்டர் என்பார்கள். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: தமிழ்நாடு காவல் நிலை ஆணைகளில் 566 என்று ஒன்று உண்டு. ஒரே சம்பவத்தில் இரண்டு புகார் வந்தால், விசாரணை அதிகாரி இரண்டையும் சேர்த்து விசாரித்து, யார் முதலில் தாக்கியது என்று கண்டுபிடித்து அவர் மேல் குற்றப்பத்திரிகை போட வேண்டும். இரண்டும் பொய் என்றால் இரண்டையும் முடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் போட்டுவிட்டு கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது அதன் நோக்கம் இல்லை. என் வழக்கில் இரண்டு பக்கமும் போட்டார்கள். மேடம் மனு போட்டு இரண்டு வழக்கையும் ஒரே நடுவர் முன்பு, ஒன்றன்பின் ஒன்றாக விசாரிக்க வைத்தார். நாதி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன முறை அது. இல்லாவிட்டால் பாதிக் கதையை ஒரு கோர்ட்டும் மீதிக் கதையை இன்னொரு கோர்ட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

நடுவில் சமரசப் பேச்சு வந்தது. பெரியவர்கள் நான்கு பேர் கடைக்கு வந்தார்கள். மருத்துவச் செலவுக்கு 60,000 ரூபாய் கொடுத்துவிடு, அந்த அம்மாவை வாபஸ் வாங்கச் சொல், எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வாய்தா வாய்தாவாக அலைந்து சலித்திருந்தேன். மேடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, 326 நடுவர் கோர்ட்டில் சமரசம் செய்துகொள்ளக்கூடிய பிரிவு இல்லை. உயர் நீதிமன்றம் போய் ரத்து செய்ய வேண்டும். பெரியவர்கள் எழுதும் வெள்ளைத் தாளால் அது முடியாது. இரண்டு, அம்மா வாபஸ் வாங்கினால் அவருக்கு அடிபட்டது என்ற கதையே போய்விடும், என் தற்காப்பு அந்தக் கதையின் மேல்தான் நிற்கிறது. அம்மாவிடம் கேட்டேன். "தையல் போட்ட தலை என்னுதுப்பா. நான் வாங்க மாட்டேன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

கொரோனா வந்து கோர்ட் மூடி, திறந்து, 2021 கடைசியில்தான் சாட்சி விசாரணை வேகம் பிடித்தது. அந்த ஆள்தான் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி. கட்டையைத் தொடவே இல்லை என்றார். அரசு மருத்துவர் வந்தார். ஒரே காயம்தான் என்று ஒப்புக்கொண்டார். தலைக்கு மேலே தூக்கிய கையில் அடி விழுந்தால் இந்த முறிவு வருமா என்று மேடம் கேட்டார். வரும் என்றார். உடனே அரசு வழக்கறிஞர் எழுந்து, தன் தலையைக் காக்கக் கையைத் தூக்கியபோதும் இது வரலாமா என்று கேட்டார். அதுவும் வரலாம் என்றார் மருத்துவர். எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு எலும்பு இரண்டு கதையும் சொல்கிறது. ஆனால் அதே மருத்துவர்தான் அன்று இரவு அம்மாவின் தலையிலும் தையல் போட்டவர். இந்தக் காயம் கட்டையால் வருமா என்று கேட்டபோது, வரும் என்றார். அந்த இடத்தில் கட்டை வைத்திருந்ததாக யாராவது சொன்ன ஒரே ஆள் அ.சா.1 மட்டும்தான்.

அரசு வழக்கறிஞரின் இன்னொரு கேள்விதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அந்த அம்மாவை விசாரிக்கும்போது, நீங்கள்தான் முதலில் அவரை அடித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அம்மா. ஆனால் நான் நிமிர்ந்து பார்த்தது கூடை உருண்ட பிறகுதானே? அதற்கு முன் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? இன்னொருவருக்காக இறங்குபவர் எப்போதும் பாதியில்தான் வருகிறார். நாம் காப்பாற்றப் போகும் ஆளே முதலில் தாக்கியவராக இருந்தால் என்ன ஆகும்? சண்டையை ஆரம்பித்தவருக்குத் தற்காப்புரிமை கிடைக்காது. அவர் பக்கம் நின்று அடிப்பவருக்கும் சிக்கல்தான். ஆனாலும் கண்ணால் கண்டதை நல்லெண்ணத்தோடு நம்பிச் செயல்பட்டவருக்கு இன்னொரு பிரிவு கைகொடுக்கிறது. பழைய 79, புதிய 17. அதற்குச் சட்டமே ஒரு உதாரணம் தருகிறது: கொலை செய்வதுபோல் தெரிந்த ஒருவரைப் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைக்கப் பிடித்தீர்கள், பிறகுதான் அவர் தன் உயிரைக் காக்கத்தான் அப்படிச் செய்தார் என்று தெரிந்தது, நீங்கள் செய்தது குற்றம் இல்லை. அந்த உதாரணத்தில் சொல்வது பிடிப்பதைத்தான், அடிப்பதை இல்லை. அதனால் முழுக்கதை தெரியாத இடத்தில் முதலில் கத்துங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள், நடுவில் நில்லுங்கள், கையைப் பிடியுங்கள். ஓங்குவது கடைசியாக இருக்கட்டும்.

குடிகாரனை அடித்தால் கேஸ் நிற்காது என்று சிலரும், குடிகாரன் தெரியாமல் செய்தான், அவனை அடித்ததுதான் குற்றம் என்று சிலரும் சொன்னார்கள். இரண்டும் தவறு. குடிபோதையாலோ மனநிலைப் பிறழ்வாலோ தாக்கியவர் குற்றவாளி ஆகாவிட்டால்கூட, அவரைத் தடுக்கும் உரிமை நமக்கு முழுசாக இருக்கிறது. பழைய 98, புதிய 36. அளவுதான் மாறக்கூடாது.

சாட்சிகள் முடிந்ததும் நடுவர் எதிரியிடம் நேராகக் கேட்பார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவை வைத்து 313 கேள்வி என்பார்கள், இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 351. பெரும்பாலும் எல்லோரும் 'பொய், பொய்' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நான் எழுத்து மூலமாகவும் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். "நான் அங்கே இருந்தேன். அவர் அம்மாவின் தலையில் அடித்தார். மறுபடி ஓங்கினார். தடுக்கப் போன என் தோளில் அடித்தார். மீண்டும் ஓங்கியபோது அந்தக் கையில் ஒரு முறை அடித்தேன். கட்டை விழுந்ததும் நிறுத்தினேன். முன்ஜாமீன் மனுவில் நான் அங்கே இல்லை என்று சொன்னது பயத்தில் சொன்னது, உண்மை இல்லை." கடைசி வரியை எழுத வேண்டாம் என்று நான் மேடத்திடம் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. அரசு வழக்கறிஞர் அந்த மனுவைத்தான் வாதத்தில் முதலில் எடுத்தார். அதை நானே ஒப்புக்கொண்டுவிட்டதால் அவருக்கு அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை.

டீ மாஸ்டர் எங்கள் தரப்புச் சாட்சி. அவர் மணிக்கட்டைப் பிடித்ததைச் சொல்ல வேண்டாமே என்று யோசித்தோம், இரண்டாவது முறை ஓங்கினேன் என்பது தெரிந்துவிடும் என்று. மேடம் சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். நடுவர் நிமிர்ந்து, "கையைப் பிடித்ததும் இவர் உதறினாரா?" என்று கேட்டார். "இல்லீங்க ஐயா, அப்படியே இறக்கிட்டாரு."

2022-ல் தீர்ப்பு. நான் விடுதலை. ஆபத்து நடந்துகொண்டிருந்தபோது ஒரே அடியில் தடுத்தது, ஆபத்து நின்றதும் நிறுத்தியது, காவல்துறையை அழைக்க அந்த நொடியில் நேரம் இல்லாதது என்று மூன்றையும் எழுதியிருந்தார் நடுவர். தற்காப்புரிமை பற்றிய கோட்பாடுகளை உச்ச நீதிமன்றம் 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் பத்தாகத் தொகுத்துச் சொல்லியிருக்கிறது. அதையும் மேற்கோள் காட்டியிருந்தார். ஓங்கிய ஆயுதத்துக்கு எதிரே நிற்பவர் தன் அடியைத் துல்லியமாக அளந்து கொடுக்க முடியாது என்பது அதில் ஒன்று. அதே நாளில் மற்ற வழக்கில் அந்த ஆளுக்கு நீதிமன்றம் கலையும் வரை சிறையும் அபராதமும். அபராதத்தில் ஒரு பகுதி அம்மாவுக்கு இழப்பீடு. தொகை சின்னதுதான். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வக்கீல் கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். எனக்கு இது முதல் நாள் தெரிந்திருந்தால் அந்தக் குமாஸ்தாவிடம் போயிருக்க மாட்டேன். எந்த வக்கீலிடம் போனாலும் கையெழுத்துக்கு முன் மனுவைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போட்டு மூன்று பிரதி வாங்கி வைத்தேன். ஒன்றை நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன். போன வருடம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது விசாரணைக்கு வந்த காவலர் கணினியில் பார்த்துவிட்டு, உங்கள் மேல் 326 வழக்கு காட்டுகிறதே என்றார். விடுதலை ஆனது அதில் ஏறவில்லை. கடை மேசையின் இழுப்பறையிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்தார். எதிரே பூ கட்டிக்கொண்டிருந்தவரைக் காட்டி, "இந்த அம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நகலைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போனார்.